பதினான்காம் பாரம்

"அந்த அலமாரியைத் திறங்க சார். மாதிரிப் பிரதியை எடுத்து மேசை மேல வைங்க."

சொல்லி வாய் மூடவில்லை, சித்தி அவள் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். சின்ன வயதில், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வாய் நீண்டால் திருகுவாளே, அதே திருகு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சித்தி படித்துப் படித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பாப்பா, மேல என்ன வேணா கேளு. லீவு கேளு, ஃபேன் கேளு, ஆடாத நாற்காலி ஒண்ணு கேளு. முதலாளி அலமாரியில இருக்கிற மாதிரிப் பிரதியை மட்டும் காட்டுன்னு கேட்டுடாத. கேட்டவங்க யாரும் அடுத்த மாசம் இங்க இருந்ததில்ல."

பத்து மாதம் கேட்காமல்தான் இருந்தாள். இன்று கேட்டாயிற்று.

முதலாளியின் அறையில் அவரோடு சேர்த்து ஆறு பேர். அவர் சுழல் நாற்காலியில். ஜன்னலோரம் எடிட்டர், அழுக்கே இல்லாத கண்ணாடியை விடாமல் துடைத்துக்கொண்டு. கதவை ஒட்டி, கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவர். வயது வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'. அவருக்குப் பக்கத்தில் பைண்டிங் மேஸ்திரி, பசை காய்ந்த விரல்களை உரித்தபடி. மேசைக்கு முன்னால் சித்தியும் அவளும். அவளுக்கு அந்த இடத்தில் பெயர் 'பட்டதாரி'. மெய்ப்புத் திருத்துகிறவள் என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வலித்தது. பட்டதாரி என்று சொன்னால் இரண்டு விஷயம் நடந்தது: கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, இடித்துக் காட்டின மாதிரியும் ஆச்சு.

மேசை மேல் இரண்டு காகிதம். ஒன்று, கடைகளில் இருக்கும் புத்தகங்களுக்குள் வைக்க வேண்டிய திருத்தச் சீட்டின் நகல்: 'பைண்டிங் பிரிவு ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் இந்நூலின் பக்கங்கள் இடம் மாறியுள்ளன. வருந்துகிறோம்.' இன்னொன்று, சித்தி எழுதிக்கொடுத்ததாக முதலாளியே எழுதி வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதம். தவறு என்னுடையது, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று இரண்டே வரி. கீழே கையெழுத்துக்கு இடம். பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

பத்தொன்பது வருட வேலையை முடித்துவைக்க இரண்டு வரி போதும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு துப்பறியும் நாவலை இவர்கள் மறுபதிப்புப் போட்டார்கள். பெரிய வீடு, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவர், காலை மருந்தில் விஷம். வீட்டுக்குள் பதினோரு பேர். கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராகத் தோலுரித்துவிட்டு, கடைசியில் கிழவரைப் பார்த்துக்கொண்ட தாதியை நோக்கி விரலை நீட்டுவார். அவளும் "ஆமாம், நான்தான்" என்று ஒத்துக்கொள்வாள். எழுபது வருடமாக வாசகர்கள் அந்த "நான்தான்"-க்காகக் காத்திருந்து வாங்குகிற புத்தகம்.

இந்தப் பதிப்பில் காத்திருக்க வேண்டியதில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினால் இருநூற்று ஒன்பதாம் பக்கம் வந்தது. கிழவரின் உடம்பு இன்னும் ஆறவில்லை, துப்பறிகிறவர் வாசல்படி மிதிக்கவில்லை, அதற்குள் தாதி கூடத்தில் நின்று கொலையை ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நூறு பக்கத்துக்கு அந்த மனிதர் பூதக்கண்ணாடியும் கையுமாகக் கொலைகாரி யாரென்று தேடினார். முதலில் கூப்பிட்ட வாசகர் சிரித்தார். இரண்டாமவர் திட்டினார். மூன்றாம் நாள் கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது.

"எதுக்கு மாதிரிப் பிரதி?" என்றார் முதலாளி. குரல் உயரவில்லை. அவர் குரல் உயராமல் பேசினால்தான் பயப்பட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. "தப்பு எங்க நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பாரம் அடுக்கினது உங்க சித்தி. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"ஆமாங்கய்யா. நான்தான்," என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி. "எனக்கு எண்ணு தெரியாது. மாத்தி அடுக்கிட்டேன்."

பட்டதாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி மேல் வந்தது பழைய கோபம். அதோடு காலை முழுக்க மல்லுக்கட்டியாகிவிட்டது. இது புதியது, சித்தி மேல்.

"எண்ணு தெரியாதா? எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது யாரு சித்தி? ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு, எட்டு பதினாறு நூத்தி இருபத்தெட்டுன்னு பஸ்ஸுல வச்சு மூச்சு விடாம சொல்லுவியே, அது என்ன, பாட்டா?"

"வாயை மூடு பாப்பா."

"எழுத்துதான் தெரியாது உனக்கு. எண்ணு தெரியாதுன்னு யாரு சொல்லச் சொன்னா?"

மேஸ்திரி இருமினார். எடிட்டர் கண்ணாடியின் இன்னொரு பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

பாரம் என்பது ஒரே தாளில் அச்சாகி மடிந்து வரும் பதினாறு பக்கக் கட்டு. இந்த நாவலுக்குப் பதினான்கு பாரம். கீழே நீள மேசையில் பதினான்கு குவியல் இருக்கும். சித்தி ஓரத்திலிருந்து நடந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துக்கொண்டு மறு ஓரம் வருவாள். ஒரு நடைக்கு ஒரு புத்தகம். அந்த வேகத்தில் யாரும் பக்க எண் பார்க்க முடியாது. அதற்காக ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டை அச்சாகியிருக்கும். முதல் பாரத்துக்கு மேலே, அடுத்ததற்கு அதற்குக் கொஞ்சம் கீழே, அப்படியே இறங்கிக்கொண்டே போகும். சேர்த்து நிமிர்த்திப் பார்த்தால் முதுகில் படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும். படி உடைந்தால் புத்தகம் தப்பு. சித்தி ஆயிரம் புத்தகத்தின் முதுகை ஒரே பார்வையில் பார்த்து உடைந்த படியைச் சொல்வாள்.

இந்தப் படி பைண்டிங்குக்கு வருவதற்கு முன்னாலேயே உடைந்திருந்தது. எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகிற நேரத்தில், கடைசிப் பாரத்தில் தன் அப்பா படமும் தன் படமும் போட்டு ஒரு பக்கம் பதிப்பாளர் உரை சேர்க்க வேண்டும் என்று முதலாளி பிடித்த பிடியாக நின்றார். அண்ணன் அரை மணி நேரத்தில் அந்தப் பாரத்தை மறுபடி கட்டினார். கைக்குக் கிடைத்த ஏழாம் பாரத்தை நகலெடுத்து அதற்குள் புதுப் பக்கங்களைக் கொட்டினார். பக்கம் மாறியது; முதுகிலிருந்த கறுப்புக் கட்டை ஏழாம் பாரத்தின் இடத்திலேயே நின்றுவிட்டது. மேஸ்திரி கட்டையைப் பார்த்தார், பதினான்காம் பாரத்தை ஏழுக்குப் பின்னால் வைத்து மாதிரிப் பிரதி ஒன்று தைத்தார், மேலே அனுப்பினார். அது கையெழுத்தோடு இறங்கி வந்தது. கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பிரதியின் வரிசைதான் சட்டம். வேலை முடிந்ததும் அது முதலாளியின் அலமாரிக்குள் போய்விடும்.

"அலமாரிச் சாவி உங்க சட்டைப் பையில இருக்கு சார்," என்றாள்.

"பட்டதாரியம்மா, கொஞ்சம் அடங்குங்க," என்றார் எடிட்டர், அன்பாக. அவருடைய அன்பு எப்போதும் முதலாளி இருக்கும் பக்கமாகவே சாய்ந்துகொண்டு வரும். "ஒரு சின்ன விஷயம். ஊதிப் பெருசாக்க வேண்டாம். அந்தம்மாவே மனசார..."

"மனசார? இந்தப் புத்தகத்தை மூணு தடவை வரி வரியாப் படிச்சிருக்கேன் சார். நீங்க படிச்சீங்களா?"

"நான் சின்ன வயசுலயே படிச்சது."

"அப்ப இப்ப படிங்க. பையன் மருந்து வாங்கப் போறேன்னு போய்ச் சீட்டாடிட்டு வந்தவன். டாக்டர் நாடியே பிடிச்சுப் பார்க்காம எழுதிக்கொடுத்தவர். மருமக மாமனாரை மூணு நாள் பட்டினி போட்டவ. தம்பிக்காரன் மருந்து பாட்டில்ல யாரோ கை வச்சதைப் பார்த்துட்டுப் பேசாம இருந்தவன். எல்லாம் அந்தக் கூடத்துல வெளிய வருது. தாதியைப் பார்த்து விரலை நீட்டின அடுத்த நிமிஷம் இவங்க பத்துப் பேரும் உத்தமர் ஆயிடுறாங்க. டீ குடிக்கிறாங்க சார்! கடைசிப் பக்கத்துல எல்லாரும் உட்கார்ந்து டீ குடிக்கிறாங்க. மூணு தடவையும் அந்த இடத்துல எனக்கு வயிறு எரிஞ்சது. இன்னைக்கு இந்த ரூமுக்குள்ள வந்ததும்தான் புரிஞ்சது. டீ சொல்லியாச்சா?"

அண்ணன் குனிந்து சிரிப்பை மறைத்தார். மறைத்தவர் முகம் உடனே வெளுத்தது. அவர் நகலெடுத்த கட்டைதான் எல்லாவற்றுக்கும் முதல் படி என்பது அவருக்குத் தெரியும்.

முதலாளி எழுந்தார். என்ன நினைத்தாரோ, இத்தனை பேர் முன்னால் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயந்து அலமாரியைத் திறக்கவில்லை என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். சாவியைப் போட்டுத் திறந்து, பழுப்பு அட்டை போட்ட பிரதியை எடுத்து மேசை மேல் எறிந்தார். "பாரு. நல்லா பாரு. அட்டையில யாரு கையெழுத்தெல்லாம் இருக்குன்னு படிச்சும் சொல்லு. நீதான் படிச்சவளாச்சே."

அட்டையில் இரண்டு கையெழுத்து. கீழே நீல மையில் முதலாளியுடையது, பாம்பு மாதிரி. மேலே சிவப்பு மையில் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட மாதிரி எழுத்தெழுத்தாக.

"மேல இருக்கிறது என்னோடது," என்றாள் பட்டதாரி.

அறையில் காற்று மாறியது. முதலாளி உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி, ஏறக்குறையப் பாசம். "இதைத்தான் உங்க சித்தி மறைக்கப் பார்த்தாங்க. நான்கூட விட்டுடலாம்னுதான் இருந்தேன். நீயே தலையைக் கொண்டுவந்து குடுக்குற."

"இருங்க சார், இன்னும் முடியல."

மேசையில் கிடந்த காகிதக் கத்தியை எடுத்தாள். மாதிரிப் பிரதி ஓரம் வெட்டாமல் வரும். மேல் மடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்; கத்தியை விட்டுக் கீறினால்தான் உள்பக்கம் திறக்கும். பார்க்கிறவர் கீறித்தான் பார்க்க வேண்டும். பிரதியைத் தூக்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேல் ஓரத்தைத் திருப்பினாள். முதல் பாரத்திலிருந்து கடைசி வரை ஒரு மடிப்புகூடத் திறக்கவில்லை. மேஸ்திரி தைத்து அனுப்பியபடியே மூடிக்கிடந்தது.

"நான் கீறல. சாயங்காலம் அஞ்சரை மணி. ஒரே கதையை மூணு தடவை படிச்சு வெறுத்துப் போயிருந்தேன். கத்தி பக்கத்துலதான் இருந்தது, அதுல ஆப்பிள் வெட்டித் தின்னேன். சிவப்புப் பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். அது என் தப்பு. அதுக்கப்புறம் உங்ககிட்ட வந்துச்சு. நீங்களும் கீறல. என் கையெழுத்தைப் பார்த்து நீங்க போட்டீங்க. உங்களுது இருக்கேன்னு மேஸ்திரி பேசாம இருந்தாரு. பேசினது ஒரே ஒரு ஆள்."

"பாப்பா, வேண்டாம்." இந்தமுறை சித்தி திருகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது யாருன்னு சொல்லட்டுமா?" அவள் குரல் முதல்முறையாகத் தடுமாறியது, அந்தத் தடுமாற்றம் பிடிக்காமல் இன்னும் சத்தமாகப் பேசினாள். "மறுநாள் காலைல மாடிப்படியில இவங்க என்னை நிறுத்தினாங்க. கையில ரெண்டு பாரம். 'பாப்பா, ரெண்டுக்கும் கட்டை ஒரே படியில நிக்குது, கடைசிப் படி காலியா இருக்கு. நூத்திப் பன்னெண்டுக்கு அடுத்து இருநூத்தி ஒம்போது வருது. யாருகிட்டயாவது கேளு'ன்னாங்க. புதுசா வந்த டிசைனர் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா. அவ முன்னால, பசைக் கையோட, என் கையை வேற பிடிச்சுக்கிட்டு... எனக்கு மானம் போச்சு. என்ன சொன்னேன் தெரியுமா? 'மாதிரியில எப்படி இருக்கோ அப்படியே அடுக்குங்க. கதை பார்க்கிறது உங்க வேலை இல்ல'ன்னேன். ங்க போட்டுப் பேசினேன், என் சித்திகிட்ட. மூணாம் மனுஷி மாதிரி."

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, காலையிலிருந்தே ஓடுகிறது. தரை வழியாகக் காலுக்கு ஏறும் அந்தத் தடதடப்பு பழகிப்போனவர்களுக்குக் கேட்காது.

அன்று படியில் அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தபோது சித்தியின் முகம் மாறவே இல்லை. புகார் வரத் தொடங்கிய இந்த மூன்று நாளும் அதுதான் அவளைப் பிய்த்துத் தின்றது. "சரிங்க" என்றாள், இறங்கிப் போனாள், ஆயிரத்து நூறு தடவை அந்த மேசையைச் சுற்றி நடந்து ஆயிரத்து நூறு தப்பை ஒழுங்காக அடுக்கினாள். ஒவ்வொரு நடைக்கும் தப்பு என்று தெரிந்தே.

முதலாளி விரல்களைக் கோத்துக்கொண்டார். அவர் முட்டாள் அல்ல. வெட்டாத மடிப்பு மேசை மேல் கிடக்கும்போது பேச்சின் திசையை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்.

"சரி. ஆளாளுக்கு ஒரு கை தப்பு. மனுஷங்கன்னா அப்படித்தான். இப்ப என்ன? யாரும் போக வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம். சீட்டுல 'இயந்திரக் கோளாறு காரணமாக'ன்னு மாத்திடு. மெஷின் வந்து இல்லைன்னு சொல்லப்போறதில்ல. உங்க சித்தி வேலையும் இருக்கும், உன் வேலையும் இருக்கும். என்ன?"

எடிட்டர் மூச்சை விட்டார். மேஸ்திரி தலையாட்டினார். அண்ணனின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. அறையே ஒரு நொடியில் தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்தது. டீ வருகிற நேரம்.

"நல்லதுங்கய்யா," என்றாள் சித்தி வேகமாக. "பாப்பா, தலையாட்டு."

அவள் ஆட்டவில்லை.

"நேத்து இவங்க தலையில கட்டினீங்க. இன்னைக்கு மெஷின் தலையில. நாளைக்கு இன்னொரு தப்பு வந்தா மறுபடி கீழ இருந்து ஒருத்தரை மேல கூப்பிடுவீங்க. அந்த மாதிரிப் பிரதி மறுபடி அலமாரிக்குள்ள போயிடும். நானும் மறுபடி கீறாம கையெழுத்துப் போடுவேன், ஏன்னா போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு." கத்தியை மேசை மேல் வைத்தாள். "சீட்டை நேத்து சாயங்காலம் என்கிட்டதான் திருத்தக் குடுத்தீங்க."

"அதனால?"

"திருத்திட்டேன்."

முதலாளிக்கு உடனே விளங்கவில்லை. எடிட்டருக்கு விளங்கியது, துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார். அந்த இடத்தின் வழக்கம் அது. சின்ன அச்சு வேலைக்கெல்லாம் யாரும் முதலாளியைத் தேடுவதில்லை. மெய்ப்புக்காரியின் சிவப்புக் கையெழுத்து இருந்தால் மெஷின் ஓடும்.

"கீழ என்ன ஓடுது?" என்றார் முதலாளி. இப்போதுதான் அவருக்குக் கேட்டது.

அவள் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மை வாசம் போகவில்லை. 'இந்நூலில் பதினான்காம் பாரம் இடம் மாறியுள்ளது. மாதிரிப் பிரதியைத் திறந்து பார்க்காமலே கையெழுத்திட்டவர்கள் மெய்ப்புத் திருத்துநரும் பதிப்பாளரும். பைண்டிங் பிரிவு இந்தத் தவற்றை முன்பே சுட்டிக்காட்டியது. நாங்கள் கேட்கவில்லை.'

"முதல் கட்டு பத்தரை வண்டியில கடைகளுக்குப் போயிடுச்சு சார். இது ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துப் போட்ட கையெழுத்து. ஒரு எழுத்துப்பிழை கிடையாது."

முதலாளியின் குரல் உயர்ந்தது. பத்து மாதத்தில் முதல்முறை. நன்றி கெட்டவள் என்றார், படித்த திமிர் என்றார், சித்தியும் மகளும் இந்த நிமிஷமே வெளியே என்றார். பட்டதாரி அதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அவள் எதிர்பார்க்காதது, சித்தி அவளைப் பார்த்த பார்வை. அதில் நன்றியில்லை. சுட்டெரிக்கிற கோபம்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் சித்தி. "நான் ஒத்துக்கிட்டது என் இஷ்டம். அதை என்னைக் கேக்காம அச்சடிச்சு ஊருக்கு அனுப்புற. படியில அன்னைக்கும் நான் சொன்னதைக் கேக்கல. இன்னைக்கும் கேக்கல. உனக்கு எப்பவும் உன் பேச்சுதான்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சித்தி சொன்னது நிஜம்.

சித்தி மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினாள். 'டக்' என்று சத்தம் வருகிறவரை அழுத்தி, கடிதத்தின் மேலேயே வைத்தாள்.

"ஐயா, நான் கீழ போறேன். திரும்பி வந்த புத்தகத்தையெல்லாம் பிரிச்சு அந்தப் பாரத்தைக் கடைசியில வச்சுத் தைக்கணும். எனக்கு வேலை கிடக்கு. என்னை வேலையை விட்டு அனுப்புறதுன்னா, நான்தான் முன்னாடியே சொன்னேன்னு போட்டிருக்கிற சீட்டு அத்தனையையும் கடை கடையாப் போய்ப் பொறுக்கி எடுத்துட்டு அப்புறம் அனுப்புங்க."

மேஸ்திரி விலகி வழிவிட்டார். சித்தி போகிறபோது பட்டதாரியின் பக்கம் திரும்பவில்லை.

பட்டதாரி பையை மாட்டினாள். அதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துப் பழுப்பு அட்டையின் மேல், தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். விலகல் கடிதம் என்று ஒன்று எழுதவில்லை. இரண்டு வரியில் முடிகிற விஷயமா அது.

"எங்க போற? பேசிட்டிருக்கேன்ல!" என்றார் முதலாளி.

"நீங்க பேசுங்க சார்," என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, படியிறங்கினாள். சித்தி அவளை நிறுத்திய அதே படியில் அவள் நிற்கவில்லை.